உட்கார ஒரு முக்காலி

‘பிளஸ் டூ முடித்த என் மகளைத் தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் வேலைக்குக் கேட்கிறார்கள். விடுதி, சாப்பாடு உண்டு. நாள் முழுக்க நிற்க வேண்டுமாம். சின்ன வயசுதானே, பழகிவிடும். சொந்தக்காரர்கள்தான் பெண்ணை வெளியூர் அனுப்பாதே என்கிறார்கள். சங்கம், உரிமை என்று பேசிய காலமும் போய்விட்டது. அனுப்பலாமா?’

- ஒரு வாசகர், சங்கரன்கோவில்

அன்புள்ள ஐயா,

சொந்தக்காரர்கள் பேச்சை விடுங்கள். சங்கத்தின் காலமும் போய்விடவில்லை. 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா 2023 ஏப்ரலில் நம் சட்டசபையில் நிறைவேறியது. சங்கங்கள் கொதித்தெழுந்ததால்தான் மே தினத்தன்று வாபஸ் ஆனது.

‘பழகிவிடும்’ என்று எழுதினீர்களே, அதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. என் சித்தி ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நின்றவர். தீபாவளி நெருங்கினால் வீட்டுக்கு வந்ததும் பேச்சே இருக்காது. கெண்டைக்காலில் நரம்பு பச்சையாகச் சுருண்டு புடைத்திருக்கும். கழிப்பறைக்குப் போக சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பார். கூட்டமில்லாத மத்தியானத்திலும், பிரித்துப் போட்ட புடவைகளை நின்றபடியேதான் மடிக்க வேண்டும். அவர் உடம்புக்கு எதுவும் பழகவில்லை ஐயா!

நின்று வேலை செய்பவர்களுக்கு இடையில் உட்கார இடம் தர வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைச் சட்டம் சொல்லிவிட்டது. கடையில் நிற்கும் பெண்ணுக்கு? கேரளத்தின் கோழிக்கோட்டில், மிட்டாய்த்தெரு கடைவீதியில் நிற்கும் பெண்களுக்காக விஜி என்பவரும் அவருடைய ‘பெண்கூட்டு’ அமைப்பும் கழிப்பறைக்காகப் போராடினார்கள், உட்காரும் உரிமைக்காகப் போராடினார்கள். 2018-ல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021-ல்தான் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவு வந்தது. ஆள் வராத நேரத்தில் உட்காரட்டும், அவ்வளவுதான் அது கேட்பது. இதற்கே எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது! உட்கார்ந்திருந்த பெண்ணிடம் புடவை வாங்க மாட்டேன் என்று எந்த வாடிக்கையாளர் சொன்னார்? பெண் உட்கார்ந்தாலே சோம்பேறி என்று நினைக்கிற புத்தி முதலாளிக்கு மட்டும் இல்லை, நம் வீடுகளிலும் இருக்கிறது. உங்கள் ‘சின்ன வயசுதானே’யும் அதில் சேர்த்திதான்.

சரி, அனுப்பலாமா என்றால், முதலில் நீங்கள் அந்தக் கடைக்குப் போங்கள். கவுன்டருக்குப் பின்னால் முக்காலி கிடக்கிறதா, அதில் யாராவது உட்காருகிறார்களா, பாருங்கள். விடுதியில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்களா, லீவு நாளில் வெளியே விடுவார்களா என்று விசாரியுங்கள். அப்புறம் ஒன்று. ஊரார் சொன்னதையெல்லாம் எழுதிய நீங்கள், உங்கள் மகள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரி எழுதவில்லை. அவளிடம் கேட்டுவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.