ஆழ்கடலில் தொடர்பு அறுந்தால் என்ன நடக்கும்? கலத்தில் ஏறும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: என் தம்பி வெளிநாட்டில் ஒரு கடல் ஆய்வுக் கப்பலில் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியராக இருக்கிறான். மூன்று பேர் உட்காரும் நீர்மூழ்கிக் கலத்தில் 2,000 மீட்டர் வரை இறங்க அவனுக்கு வாய்ப்பு வந்திருக்கிறது. டைட்டானிக்கைப் பார்க்கப் போன டைட்டன் கலத்தின் விபத்தை டிவியில் பார்த்ததிலிருந்தே அம்மாவுக்குப் பயம், இப்போது சரியாகத் தூங்குவதே இல்லை. கீழே போன பிறகு தொடர்பு போய்விட்டால் எப்படித் தேடுவார்கள், காப்பாற்ற முடியுமா? ஏறுவதற்கு முன் அவன் எதையெல்லாம் விசாரிக்க வேண்டும்?

பதில்: தொடர்பு அறுவதும் கலம் தொலைவதும் ஒன்றல்ல என்று முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள். கடல் நீர் ரேடியோ அலையை விழுங்கிவிடும். அதனால் போன், ஜிபிஎஸ், சாட்டிலைட் என்று நமக்குப் பழகிய எதுவும் கீழே வேலை செய்யாது. மிஞ்சுவது ஒலி மட்டும்தான். அது தண்ணீரில் விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும், ஆகவே 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு கேள்வி மேலே வந்து பதில் திரும்பிப் போகவே கிட்டத்தட்ட 3 விநாடி ஆகிவிடும். நீரின் வெப்பநிலை மாறும் அடுக்குகளில் ஒலி வளைந்து போகும், கலத்தை இறக்கிவிடும் தாய்க்கப்பலின் சொந்த இரைச்சலே குறுக்கே நிற்கும், கடலடி மேடு ஒன்று மறைத்தாலும் போச்சு. சில நிமிடம் பேச்சு வராமல் போவது ஆழ்கடல் வேலையில் சகஜம்.

ஆனால் அந்தச் சகஜத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. 2023 ஜூன் 18 அன்று டைட்டானிக் கிடக்கும் இடத்துக்கு, அதாவது சுமார் 3,800 மீட்டர் ஆழத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது டைட்டன். உள்ளே 5 பேர். 3,300 மீட்டரைத் தாண்டியதும் கலம் நீரின் அழுத்தத்தில் நொறுங்கியது. தாய்க்கப்பலின் கட்டுப்பாட்டு அறையில் ஒரு சத்தம் கேட்டது, அங்கே இருந்தவர்கள் அது என்ன என்று கேட்டுக்கொண்டதும் வீடியோவில் பதிவாகியிருக்கிறது. அதற்கு அடுத்தபடியாக, கலம் கீழே இறங்குவதற்காக மாட்டியிருந்த எடைகளில் இரண்டைக் கழற்றிவிட்டோம் என்று கலத்திலிருந்து ஒரு குறுஞ்செய்தி திரையில் வந்தது. அது நொறுங்குவதற்கு முன்பே கிளம்பிய செய்தி. சத்தத்தைவிடத் தாமதமாக வந்து சேர்ந்ததால், எல்லாம் சரியாகப் போகிறது என்று மேலே இருந்தவர்கள் நினைத்துவிட்டார்கள். கடலோரக் காவல்படைக்குத் தகவல் போனது பல மணி நேரம் கழித்து.

அப்புறம் தேடல். கலம் மூன்று இடங்களில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்: மேலே மிதந்துகொண்டிருக்கலாம், நடுநீரில் நிற்கலாம், அடியில் கிடக்கலாம். மூன்றுக்கும் கருவிகள் வேறு, ஆட்கள் வேறு. மிதந்தால் விமானத்திலிருந்து பார்க்கலாம், ஆனால் அலை நுரைக்கு நடுவே ஒரு வெள்ளை நிறக் கலத்தைக் கண்டுபிடிப்பது சாதாரண வேலை இல்லை. அடியில் கிடந்தால், அந்த ஆழத்துக்குத் தாங்கும் ரோபோ கலம் வேண்டும். டைட்டனுக்காக அப்படி ஒன்றை நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவிலிருந்து ராணுவச் சரக்கு விமானங்களில் கனடாவின் செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து, கப்பலில் ஏற்றி, 600 கிலோமீட்டருக்கு மேல் கடலில் ஓட்டிப் போனார்கள். ஜூன் 22 அன்று அது கீழே இறங்கியதும், டைட்டானிக்கின் முன்பகுதியிலிருந்து சுமார் 500 மீட்டர் தள்ளி உடைந்த பாகங்கள் கிடைத்தன. இடையில் விமானத்திலிருந்து போட்ட, நீருக்கடியில் வரும் ஒலியைப் பிடிக்கும் மிதவைகளில் தட்டுவது போன்ற சத்தம் பதிவாகி, உலகமே அதைப் பிடித்துக்கொண்டு நம்பிக்கையோடு காத்திருந்தது. அது டைட்டனோடு சம்பந்தப்பட்டதே இல்லை. கடலுக்கடியில் சத்தத்துக்குப் பஞ்சமில்லை, அதில் மனிதன் தட்டுவது எது என்று பிரிப்பதுதான் கஷ்டம்.

காப்பாற்ற முடியுமா என்று கேட்டீர்கள். நேராகவே சொல்லிவிடுகிறேன், 2,000 மீட்டரில் யாரும் வந்து கதவைத் திறந்து ஆளை வெளியே எடுக்க முடியாது. கடற்படைகள் வைத்திருக்கும் மீட்புக் கலங்கள் சில நூறு மீட்டர்களுக்கானவை. இந்தியக் கடற்படையிடம் இருப்பவை 650 மீட்டர் வரை போகும், அதுவும் நீர்மூழ்கிக் கப்பலின் மூடியோடு பொருந்தி ஆட்களை மாற்றுவதற்காகச் செய்யப்பட்டவை. ஆழத்தில் சிக்கிய சிறு கலத்துக்கு இருப்பது இரண்டே வழி. ஒன்று, சிக்கலை அறுத்துவிட்டால் அது தானே மேலே வரும். 2005-ல் ரஷ்யாவின் கம்சாட்காவுக்கு அருகே ஏஎஸ்-28 என்ற கலம் 190 மீட்டரில் 7 பேரோடு வலைகளிலும் கேபிள்களிலும் மாட்டியது, பிரிட்டன் கொண்டுவந்த ரோபோ அவற்றை வெட்டிவிட, அது தானாகவே மேலே வந்தது. இல்லையென்றால் கயிறு மாட்டி முழுக் கலத்தையும் தூக்க வேண்டும். 1973-ல் அயர்லாந்துக்கு அப்பால் பைசீஸ் 3 என்ற சிறு கலம் அப்படித்தான் 480 மீட்டரிலிருந்து வந்தது. உள்ளே இருந்த இருவரும் காற்றை மிச்சப்படுத்த அதிகம் பேசாமல், அசையாமல் கிடந்து மூன்று நாளுக்கு மேல் தாக்குப்பிடித்தார்கள். வெளியே எடுத்தபோது ஆக்சிஜன் 12 நிமிடத்துக்குத்தான் மிச்சமிருந்தது. இத்தனைக்கும் அவர்களோடு தொலைபேசித் தொடர்பு இருந்தது, மீட்கவும் அதே வகைக் கலங்கள் கிடைத்தன.

அதனால் என் கருத்து இதுதான்: கலம் யார் உதவியும் இல்லாமல் தானே மேலே வருமா என்பதைத்தான் உங்கள் தம்பி முதலில் துருவித் துருவிக் கேட்க வேண்டும். எடையைக் கழற்றினால் கலம் லேசாகி மேலே எழும்பும், ஆகவே கரன்ட் முழுவதும் போனாலும் அதைக் கையாலேயே கழற்ற முடிய வேண்டும். உள்ளே எல்லோரும் மயங்கிப் போனாலும், உப்புநீரில் சில மணி நேரத்தில் கரைந்து எடையை விட்டுவிடும் இணைப்பு சில கலங்களில் உண்டு, இதில் உண்டா என்று பார்க்கட்டும். மேலே வந்த பிறகு கதவை உள்ளிருந்து திறக்க முடியுமா? டைட்டனை வெளியிலிருந்து போல்ட் போட்டு மூடினார்கள், மிதந்துகொண்டிருந்தாலும் அவர்களால் வெளியே வந்திருக்க முடியாது. பளிச்சென்ற நிறம், ஒளிரும் விளக்கு, சாட்டிலைட் சிக்னல் தரும் கருவி, இவை மூன்றும் கட்டாயம்.

காற்று எத்தனை மணி நேரத்துக்கு என்று கேட்டால் ஆக்சிஜன் கணக்கை மட்டும் சொல்வார்கள், அதோடு விட்டுவிடக் கூடாது. நாம் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் ரசாயனமும் அதே அளவு நேரத்துக்கு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிலிண்டரில் ஆக்சிஜன் இருக்கும்போதே ஆபத்து வந்துவிடும். 2,000 மீட்டரில் தண்ணீர் மிகவும் குளிர்ந்திருக்கும், கம்பளி உடை வேண்டும். 96 மணி நேர அவசர இருப்பு என்பது நல்ல அளவு. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் மத்ஸ்யா 6000 என்ற ஆழ்கடல் கலத் திட்டத்திலும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, லாய்ட்ஸ் ரெஜிஸ்டர், டிஎன்வி, ஏபிஎஸ் போன்ற ஏதாவது ஒரு அமைப்பு அந்தக் கலத்தைச் சோதித்துச் சான்று கொடுத்திருக்கிறதா? டைட்டனுக்கு அப்படி எதுவும் இல்லை. புதுமையான வடிவமைப்பு, அதனால் சான்று தேவையில்லை என்று யாராவது சொன்னால் தம்பி ஏற வேண்டாம், அதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். சான்றோடு ஒழுங்காக நடத்தப்படும் கலங்களின் கதை வேறு. அமெரிக்காவின் ஆல்வின் என்ற ஆய்வுக் கலம் 1964-லிருந்து ஒரு உயிர்கூடப் போகாமல் இறங்கி ஏறிக்கொண்டிருக்கிறது.

அதே ஆழத்துக்குப் போகும் ரோபோ கலம் தாய்க்கப்பலிலேயே இருக்கிறதா, அல்லது எங்கிருந்து எத்தனை மணி நேரத்தில் வரும்? தொடர்பு எத்தனை நிமிடம் போனால் பைலட் வேலையை விட்டுவிட்டு மேலே வருவார்? எத்தனை நிமிடத்தில் மேலே இருப்பவர்கள் கடலோரக் காவல்படையைக் கூப்பிடுவார்கள்? ‘நிலைமையைப் பார்த்து முடிவெடுப்போம்’ என்பது பதில் இல்லை, எழுதி வைத்த எண் வேண்டும். ஒழுங்கான குழு அந்தத் தாளைத் தயங்காமல் காட்டும். தம்பி அதைப் போட்டோ எடுத்து, நிறுவனத்தின் 24 மணி நேர அவசர எண்ணோடு, கலம் மேலே வர வேண்டிய நேரத்தையும் சேர்த்து உங்களுக்கு அனுப்பட்டும். மேலே வந்ததும் கப்பலிலிருந்து ஒரு மெசேஜ் போடச் சொல்லுங்கள், தாமதமானால் யாரைக் கூப்பிடுவது என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும்.