அணை இல்லாத ஆறு பாக்கணுமா? அகநாசினிக்கு போங்க, ஆனா மாசம் பாத்து போங்க

பெங்களூரு அல்சூர்ல இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: ஒகேனக்கல், மேகேதாட்டு, ஜோக் அருவி எல்லாம் பாத்தாச்சு, அணையே கட்டாத ஆறுன்னு அகநாசினிய சொல்றாங்களே, 9 வயசு பையனையும் மாமியாரையும் கூட்டிட்டு மூணு நாள்ல போய்ட்டு வரலாமா, எப்ப போகணும், குளிக்கலாமா?

தாராளமா போகலாம், நவம்பர் கடைசி இல்லன்னா டிசம்பர்ல போங்க. ஏன்னா ஜோக்ல எவ்ளோ தண்ணி விழணும்னு லிங்கனமக்கி அணை முடிவு பண்ணுது, இங்க மழைதான் எல்லாமே. கர்நாடகாவோட உத்தர கன்னட மாவட்டத்துல சிர்சி பக்கத்துல பிறந்து, காட்டுக்குள்ள இறங்கி, 120 கிலோமீட்டர் சொச்சம் ஓடி தத்ரி கிட்ட அரபிக்கடல்ல சேர்ற ஆறு இது. நடுவுல உஞ்சள்ளின்னு 116 மீட்டர் உயர அருவி, ஜூலை ஆகஸ்ட்ல போனீங்கன்னா சத்தம் மட்டும் காதை அடைக்கும், கண்ணுக்கு வெறும் பனிமூட்டம், கால்ல அட்டை வேற. மார்ச் தாண்டிட்டா ஒல்லியாயிடும். கடைசில கொஞ்சம் நடை, படி எல்லாம் இருக்கு, அதனால மாமியாருக்கு முட்டி வலி இருந்தா வற்புறுத்தாதீங்க. அங்க தண்ணில இறங்கவே கூடாது, தூரத்துல நின்னு பாத்தா போதும்.

ரெண்டாவது நாள் தேவிமனே காட் மலைப்பாதை வழியா கடலோர ஊர் குமட்டாவுக்கு இறங்கிடுங்க. எல்லாரும் அருவியோட திரும்பிடறாங்க, எனக்கு அது பொறுக்கவே மாட்டேங்குது, ஏன்னா இந்த ஆத்தோட உயிரே கழிமுகத்துலதான் இருக்கு, அணை இல்லாததால நல்ல தண்ணி தடையில்லாம வந்து உப்புத்தண்ணியோட கலக்குது, அந்த கலப்புலதான் மட்டியும் (ஓட்டுக்குள்ள வாழ்ற சிப்பி வகை) மீனும் பெருகுது. தண்ணி வத்துற நேரத்துல போனா ஊர்க்காரங்க இடுப்பளவு தண்ணில நின்னு சேத்துக்குள்ள காலால துழாவி, தட்டுப்பட்ட மட்டிய குனிஞ்சு எடுத்து பின்னாடி மிதக்குற பாத்திரத்துல போட்டுட்டே நகருவாங்க, பையன் அத கண்டிப்பா பாக்கணும். கரையோரம் உப்ப தாங்கி வளர்ற கக்கா நெல்லும் போடறாங்க. இந்த கழிமுகத்துக்கு 2024ல ராம்சார் அந்தஸ்து, அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலம்ங்கற அங்கீகாரம் கிடைச்சுது, அதுக்கு முன்னாடி தத்ரில 4000 மெகாவாட் அனல் மின் நிலையம் கொண்டுவர பாத்தாங்க, மக்கள் விடல.

படகுக்கு முன்னாடி தண்ணி எப்ப ஏறும் எப்ப வத்தும்னு படகுக்காரர்கிட்டயே கேட்டுக்கோங்க, தினமும் முக்கா மணி நேரத்துக்கு மேல தள்ளிப்போகும், நேத்து நேரத்த நம்பாதீங்க. ஏறும்போது படகு சுகம், வத்தும்போது மட்டி வேடிக்கை. முகத்துவாரம் பக்கம் நீச்சல் வேண்டாம், வத்துற தண்ணி கடல் பக்கம் இழுக்கும், அடில கிடக்குற சிப்பி பாதத்த கிழிச்சிரும். லைஃப் ஜாக்கெட் இல்லாத படகுல ஏறாதீங்க, பையன் சைஸ்ல இருக்கான்னு முன்னாடியே கேட்டு வச்சிருங்க.

மாமியாருக்கு மிர்ஜான் கோட்டைய காட்டுங்க, ஹைவேக்கு பக்கத்துலயே இருக்கு. 16ஆம் நூற்றாண்டுல கெருசொப்பா ராணி சென்னபைராதேவியோட காலத்து கோட்டை, காட்டு மிளகு இந்த ஆத்து வழியாதான் கப்பலுக்கு போச்சு, போர்ச்சுகீசியர் அவங்கள மிளகு ராணின்னே கூப்பிட்டாங்க. செம்புறைக்கல் மதில்ல மழைக்கு அப்புறம் பச்சைப்பாசி படர்ந்திருக்கும், அந்த அழகுக்காகவும்தான் டிசம்பர்னு சொன்னேன்.

திரும்பி வர குமட்டால இருந்து பெங்களூருக்கு ராத்திரி ரயில் இருக்கு, லாங் வீக்கெண்டுன்னா டிக்கெட்ட சீக்கிரமே போட்டுருங்க.