மோட்டாரைக் கழற்றும் முன் மீட்டரை எடுங்க: பழைய கார் மோட்டார் கேள்வி பதில்

பழைய காரைப் புதுப்பிக்கும் நம்ம மாவட்டத்து ஆட்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். வைப்பர் மோட்டார், உள்ளே மடிந்திருக்கும் ஹெட்லைட்டைத் தூக்கும் மோட்டார் இரண்டைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே சாமான்தான்: 12 வோல்ட் டிசி மோட்டார், வார்ம் கியர் (திருகுபோன்ற பல் உள்ள கியர்), சரியான இடத்தில் நிறுத்துவதற்கு ஒரு சுவிட்ச்.

கேள்வி (சொந்த ஊர் மார்த்தாண்டம், இப்போது ஷார்ஜா): அண்ணாச்சி, 1990 மாடல் மஸ்டா மியாட்டா வாங்கியிருக்கேன். இடது ஹெட்லைட் எழும்புது, வலது அசையவே இல்லை. மோட்டார் போயிட்டுதா?

அதுக்குள்ளே மோட்டாருக்குக் காசு போட வேண்டாம் தம்பி. இந்தக் காரில் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி மோட்டார். முதலில் ஹெட்லைட் மோட்டாரின் பியூஸைப் பாருங்க. அது நன்றாக இருந்தால் கழற்றி கையில் வைத்துக்கொள்ளுங்க, விரல் உள்ளே இருக்கும்போது லைட் எழும்பினால் ஆபத்து. மோட்டார் தலையில் ரப்பர் மூடிக்கு அடியில் கையால் திருகும் குமிழ் இருக்கும். திருகினால் லைட் மேலே வருகிறதா? இறுக்கமாக இருந்தால் கோளாறு லிங்கில் (மோட்டாரையும் லைட்டையும் இணைக்கும் கம்பி): துரு, காய்ந்த கிரீஸ். லேசாகச் சுற்றினால் கரண்ட் பக்கம் போகலாம்.

பியூஸைத் திரும்பப் போட்டு, கையை விலக்கிவிட்டு, ஒருவரை உள்ளே பட்டனை அழுத்தச் சொல்லுங்க. நீங்க மோட்டார் கனெக்டரில் மீட்டரை (மல்டிமீட்டர்) வையுங்க. பிளக்கைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் மீட்டர் 12 காட்டி ஏமாற்றும். மாட்டிய நிலையில், பின்பக்கமாக ஊசியை நுழைத்துப் பார்க்கணும். மோட்டார் இழுக்கும்போது 12 வோல்ட் 8-க்கு இறங்கினால் வழியில் எங்கோ தடை இருக்கு. அடுத்து மீட்டரின் ஒரு முனையை மோட்டாரின் எர்த் வயரிலும் (பாடிக்குப் போகும் வயர்) மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்க. 0.2 வோல்டுக்கு மேல் வந்தால் எர்த்தைச் சுத்தம் செய்யாமல் வேறெதையும் தொடாதீங்க. கரண்டும் எர்த்தும் ஒழுங்காக வந்து, அப்பவும் அசையவில்லை என்றால்தான் மோட்டாரைக் கீழே இறக்கணும்.

கேள்வி (நாகர்கோவில்): கழற்றிய மோட்டாரை பேட்டரி சார்ஜரில் கொடுத்துப் பார்க்கலாமா?

சார்ஜர் வேண்டாம். சில சார்ஜர்கள் பேட்டரி மாட்டாமல் இருந்தால் கரண்டே கொடுக்காது, நல்ல மோட்டாரும் செத்ததுபோல் தெரியும். நல்ல பேட்டரியை எடுத்து, பழைய 55 வாட் ஹெட்லைட் பல்ப் ஒன்றை மோட்டாரோடு வரிசையில் சேருங்க. பல்ப் இருப்பதால் கரண்ட் சுமார் நாலரை ஆம்பியருக்கு மேல் போகாது, வயர் கருகாது. மோட்டார் சுற்றி பல்ப் மங்கலாக எரிந்தால் நல்ல அறிகுறி. பல்ப் பளிச்சென்று எரிந்து மோட்டார் நின்றால் உள்ளே ஷார்ட், அல்லது கியர் இறுகியிருக்கு. பல்ப் எரியவே இல்லையா, பெரும்பாலும் கார்பன் (சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் பிரஷ்) தேய்ந்திருக்கும், அல்லது ஹோல்டரில் சிக்கியிருக்கும். அது மலிவான வேலை. இதைப் பார்க்காமல் காயில் கட்டக் கொடுப்பது காசைக் கரியாக்குவது.

கேள்வி (தக்கலை): கடையில் ஆர்மேச்சர் (சுற்றும் காயில்) எரிஞ்சிட்டுன்னு சொல்றாங்க. எப்படி நம்புவது?

மூக்கை நம்புங்க முதலில். எரிந்த வார்னிஷ் வாடை தனி. பிறகு மீட்டரில் கம்யூட்டேட்டரின் (ஆர்மேச்சர் முனையில் கார்பன் உரசும் செம்புப் பட்டை வளையம்) பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளை அளந்து பாருங்க. எல்லா ஜோடிக்கும் ஏறக்குறைய ஒரே அளவு வரணும். எந்தப் பட்டைக்கும் நடுத் தண்டுக்கும் தொடர்பு வரவே கூடாது. இரண்டும் சரியாக வந்தாலும் சுற்றுக்குள் சுற்று ஷார்ட் ஆகியிருக்கலாம், அதை சாதா மீட்டர் பிடிக்காது. குரோலரில் (ஆர்மேச்சரைச் சோதிக்கும் மின்காந்தக் கருவி) வைத்து மேலே ஹாக்சா பிளேடைப் பிடித்தால், ஷார்ட் உள்ள காடியில் பிளேடு அதிரும். உங்கள் கண் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்க, கேட்பதில் தப்பே இல்லை.

கருத்த கம்யூட்டேட்டரை மெல்லிய உப்புத்தாளால் தேய்க்கலாம். எமரி வேண்டாம், அதன் துகள் கரண்டைக் கடத்தக்கூடும்.

கேள்வி (குளச்சல்): கடற்கரையில் வீடு. வருஷத்துக்கு ஒருமுறை வயர் முனையெல்லாம் பச்சை பூத்துப் போகுது.

உப்புக் காற்றுக்கு நாம் என்ன செய்ய, ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. வயர் உறையை ஒரு அங்குலம் உரித்துப் பாருங்க. உள்ளே செம்பு கருத்திருந்தால் பளபளப்பான இடம் வரும்வரை வெட்டி, புது முனை போடுங்க. தேய்த்து மாட்டினால் அடுத்த மழைக்கு நிற்காது. மாட்டியபின் மேலே வாஸ்லின் பூசுங்க. எர்த் போல்ட் அடியில் பெயின்ட் இருக்கக் கூடாது. பாடி வேலை முடித்துப் புதுப் பெயின்ட் அடித்த காரில் லைட்டும் வைப்பரும் மக்கர் பண்ண இதுவே முக்கியக் காரணம்.

கேள்வி (குலசேகரம்): அப்பாவோட பழைய அம்பாசடர். வைப்பர் மோட்டாருக்கு வயரை மாற்றிக் கொடுத்தாலும் ஒரே பக்கம்தான் சுற்றுது. கோளாறா?

இல்லை. அது காந்தத்துக்குப் பதில் ஃபீல்டு காயில் (கரண்ட் போனால் காந்தமாகும் நிலையான காயில்) வைத்த மோட்டார். பிளஸ் மைனஸை மாற்றினால் ஃபீல்டும் ஆர்மேச்சரும் சேர்ந்தே மாறும், அதனால் திசை மாறாது. நிரந்தரக் காந்தம் வைத்த மோட்டார் என்றால் திரும்பிச் சுற்றும்.

ஆனால் பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்க. 1960-கள் வரை பிரிட்டிஷ் வடிவமைப்புக் கார்களில் பாசிட்டிவ் எர்த் (பிளஸ் முனை பாடிக்குப் போவது) சாதாரணம். அந்த வண்டியில் புது ரேடியோவை யோசிக்காமல் மாட்டினால் அந்த நிமிஷமே போய்விடும்.

கேள்வி (ஆரல்வாய்மொழி): சுவிட்சை அணைத்தால் வைப்பர் கண்ணாடி நடுவிலேயே நிற்குது.

மோட்டார் நல்லா இருக்கு, பார்க்கிங் சுவிட்ச்தான் வேலை செய்யவில்லை. அணைத்த பிறகும் வைப்பர் கை கீழே வந்து சேரும்வரை அந்த சுவிட்ச் வழியாகத்தான் மோட்டாருக்குக் கரண்ட் போகும். கியர் மூடியைத் திறந்து, காண்டாக்டில் ஏறிய பழைய கிரீஸைத் துடைத்து, பித்தளை நாக்கு நன்றாக அழுந்துகிறதா என்று பாருங்க. மேஜையில் இரண்டு வயர் மட்டும் கொடுத்துச் சோதித்தால் இந்தக் கோளாறு தெரியாது.

கேள்வி (தோவாளை): கியருக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?

வேண்டாம், நாளடைவில் பிசினாகிவிடும். லித்தியம் கிரீஸ் போடுங்க, அதையும் கொஞ்சமாக. கார்பன் பக்கம் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது.