தூக்காதீர்கள், எழ விடுங்கள்

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் கிராமம், வயது 36. பாலக்காடு மாவட்டம் சித்தூர் அருகே ஒரு முதியோர் இல்லத்தில் கேர்டேக்கராகச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. இடது பக்கம் வாதம் வந்த ஒரு முத்தச்சியை (பாட்டியை) கட்டிலிலிருந்து வீல்சேருக்குத் தூக்கி மாற்றும்போது எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது. நர்ஸ் இல்லாத நேரத்தில் இன்சுலின் ஊசியும் போடச் சொல்கிறார்கள். மலையாளம் வேறு அரைகுறை. சமாளிக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் முத்தச்சியைத் தூக்குவதை இன்றோடு நிறுத்துங்கள். அவருக்கு வலது கை, வலது கால் இருக்கிறது. அதைக்கொண்டு அவர் எழ வேண்டும். நீங்கள் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இடுப்பு பிடிப்பது, அவர் செய்ய வேண்டிய பாதி வேலையையும் சேர்த்து நீங்கள் செய்வதால்தான்.

வீல்சேரை அவருடைய நல்ல பக்கம், அதாவது வலப்பக்கம், கட்டிலை ஒட்டிச் சற்றுச் சாய்வாகப் போடுங்கள். பிரேக் இரண்டையும் போட்டு, கால்மிதியை மடக்கி விடுங்கள். படுத்திருந்தவரை உடனே நிற்க வைக்காதீர்கள். கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் உட்காரட்டும், தலைசுற்றல் இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். பாதம் இரண்டும் தரையில் பதிந்து, கொஞ்சம் பின்தள்ளி இருக்கட்டும். உங்கள் முழங்காலை அவருடைய இடது முழங்காலுக்கு முட்டுக் கொடுங்கள். இடுப்பில் கட்டிய அகலமான பெல்ட்டைப் பிடியுங்கள். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும் அளவுக்கு முன்னால் குனியச் சொல்லுங்கள். அப்புறம் 'ஒந்நு, ரண்டு, மூந்நு'. பாரம் முன்னால் வந்ததும் உடம்பு தானாக மேலே வரும். முன்னால் குனிய வைக்காமல் நேராக மேலே இழுத்தால்தான் ஆள் மூட்டை மாதிரி கனப்பார். திரும்பக் கட்டிலுக்கு வரும்போது வீல்சேரைத் திருப்பிப் போட வேண்டும், கட்டில் அவருடைய வலப்பக்கம் வர வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கக்கத்தில் கைகொடுத்து மட்டும் இழுக்காதீர்கள். வேலைக்கு வந்த புதிதில் ஒரு பெரியவரை நான் அப்படி இழுத்திருக்கிறேன். வாதம் வந்த பக்கத்துத் தோள் மூட்டு தளர்ந்து கிடக்கும், லேசாக இழுத்தாலே விலகிவிடும். அவர் மூன்று வாரம் அந்தக் கையைத் தொட விடவில்லை. சட்டை போடும்போதும் இதே கவனம்தான்: போடும்போது முதலில் வாதம் வந்த கை, கழற்றும்போது முதலில் நல்ல கை.

பாதியில் சரிகிறார் என்றால் தாங்கிப் பிடிக்கப் போராடாதீர்கள். உங்கள் தொடையோடு சறுக்கி மெல்லத் தரையில் உட்கார வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். அடி பட்டிருக்கிறதா என்று நர்ஸ் பார்க்கும் வரை எழுப்ப வேண்டாம்.

இன்சுலின் விஷயத்தில் தயக்கமே வேண்டாம், அது நர்ஸ் வேலை. நர்ஸ் பிரித்து வைத்த டப்பாவிலிருந்து மாத்திரையை எடுத்துக் கொடுத்து, விழுங்கிவிட்டாரா என்று பார்ப்பது வரைதான் உங்கள் பொறுப்பு. "வீட்டில் மகளே போடுகிறாளே" என்பார்கள். அளவு தவறினால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். ஆனால் சர்க்கரை இறங்கும் அறிகுறி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்: திடீர் வியர்வை, கை நடுக்கம், பேச்சு குழறல். நினைவோடு விழுங்க முடிகிறவர் என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு நர்ஸைக் கூப்பிடுங்கள், 15 நிமிடத்தில் திரும்பப் பரிசோதிக்க வேண்டும். நினைவு இல்லையென்றால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், நேராக 108.

குளிக்க வைக்கும்போது வால் எலும்பு, இடுப்பெலும்பு, குதிகால் மூன்றையும் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி விட்டால் வெளுத்துச் சிவக்க வேண்டும். வெளுக்கவே இல்லையென்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. எண்ணெய் போட்டுத் தேய்க்கக் கூடாது. அந்தப் பக்கம் பாரம் படாமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். கேரளத்தில் பஞ்சாயத்துகளின் பாலியேட்டிவ் நர்ஸ்கள், அதாவது தீராத நோயில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ்கள், வீடு வீடாகப் போவார்கள். 2008-லேயே அரசு இதற்குத் தனிக் கொள்கை கொண்டுவந்துவிட்டது. அவர்களில் ஒருவரோடு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள், புண் பற்றிப் புத்தகத்தில் இல்லாததையும் சொல்லித் தருவார்.

மொழிக்கு வருகிறேன். தெரியாத மலையாளச் சொல்லால் ஆபத்து குறைவு. தெரிந்த மாதிரி இருக்கும் சொல்லில்தான் வம்பு. நான் பயிற்சி கொடுத்த ஒரு பெண், "பனியாணு" என்ற பாட்டிக்குக் குளிர் என்று நினைத்துக் கம்பளி போர்த்திவிட்டுப் போனாள். பனி என்றால் அங்கே காய்ச்சல். கம்பளிக்குள் 102 டிகிரி. 'க்ஷீணம்' என்றால் அசதி, 'சர்த்தி' வாந்தி, 'தல கறக்கம்' தலைசுற்றல், 'ஸ்வாசம்முட்டல்' மூச்சுத்திணறல். ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள். முத்தச்சி ஒரு நாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு "எனிக்கு விஷமம்" என்பார். சேட்டை என்று நினைத்துச் சிரித்துவிடாதீர்கள். மனசு கஷ்டமாக இருக்கிறது என்கிறார். வீல்சேர் பிரேக்கைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.