இஞ்சிக்கும் 'ஜிஞ்சர்லி'க்கும் உறவு உண்டா?

வணக்கம். ஓர் ஆங்கிலச் சிறுகதையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். கணுக்கால் சுளுக்கிய ஒருவன் காலையில் படுக்கையை விட்டு இறங்கும்போது 'ஜிஞ்சர்லி' காலைத் தரையில் வைத்ததாக வருகிறது. அகராதி 'எச்சரிக்கையுடன்' என்கிறது. எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. இஞ்சியின் காரத்துக்குப் பயந்து மெதுவாகக் கடிப்பதிலிருந்து வந்த சொல் இது என்கிறார் என் நண்பர். உண்மையா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

நண்பரின் விளக்கம் ருசியாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சொல்லுக்கும் இஞ்சிக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. நளினமான, மென்மையான என்று பொருள்படும் 'ஜென்ட்' என்ற பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழியில் வந்திருக்கலாம் என்பார்கள் சொல்லாராய்ச்சியாளர்கள். அதற்கும் பின்னால் 'பிறந்த', அதாவது நற்குடியில் பிறந்த, என்ற லத்தீன் சொல் இருக்கிறது. 'ஜென்டில்' இதற்குப் பங்காளி முறை.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது நடனத்தையும் நடையையும் பற்றிய சொல். சின்னச் சின்ன அடியெடுத்து ஒயிலாக நடப்பதைக் குறித்தது. 1600 வாக்கில் இன்றைய பொருள் வந்துவிட்டது. ஒயிலுக்காக வைத்த சின்ன அடியை, வலிக்குமோ உடையுமோ என்ற பயத்தில் வைக்கத் தொடங்கினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 'ஜிஞ்சர்' நம் வீட்டுப் பிள்ளை. நம் 'இஞ்சி'யோடு 'வேர்' சேர்ந்த ஒரு பழைய திராவிடச் சொல் சம்ஸ்கிருதத்தில் சிருங்கவேரம் ஆகி, கிரேக்கம், லத்தீன் என்று சுற்றி ஆங்கிலத்துக்குப் போனது என்பது பலரும் ஏற்கும் கருத்து. அந்த ஜிஞ்சரிலிருந்து பிறந்த 'ஜிஞ்சர் அப்' என்ற வழக்குக்கு, சோம்பிக் கிடப்பதை உசுப்பிவிடுவது என்று பொருள். தயங்கித் தயங்கிக் காலை வைப்பதற்கு நேர் எதிர்! நண்பரிடம் இதையும் சொல்லுங்கள்.

சரி, உங்கள் சிக்கலுக்கு வருகிறேன். 'கேர்ஃபுல்', 'காஷியஸ்' எல்லாம் பெரும்பாலும் மனம் எடுக்கும் முடிவைச் சொல்பவை. பணத்தைப் போடுவதில் ஒருவர் காஷியஸ் ஆக இருக்கலாம், பேச்சிலும் இருக்கலாம். ஜிஞ்சர்லி முதன்மையாக உடம்பின் சொல். விரலுக்கும் பாதத்துக்கும் உரியது. புண்ணின் மேல் ஒட்டிய கட்டைப் பிரிக்கும் கை, உடைந்த கண்ணாடித் துண்டைப் பொறுக்கும் விரல், முதுகு பிடித்துக்கொண்டவர் நாற்காலியில் உட்காரும் விதம்... இங்கெல்லாம் அது கச்சிதமாகப் பொருந்தும். அடுத்த கணமே வலிக்கலாம், உடையலாம் என்ற எதிர்பார்ப்பு அதற்குள் இருக்கிறது. வழியனுப்பும்போது வண்டியைப் பார்த்து ஓட்டச் சொல்ல 'கேர்ஃபுல்லி' போதும். ஜிஞ்சர்லி ஓட்டச் சொன்னால், பிரேக் பழுதோ என்று கேட்பார்கள். பேச்சுக்கும் இதைப் பயன்படுத்துவதுண்டு, அப்போதும் யாருக்கோ நோகும் விஷயத்தை மெல்லத் தொடுகிற பாவனைதான்.

'எச்சரிக்கை' ஒட்டாததற்குக் காரணம் இதுதான். அது பலகையில் எழுதி மாட்டுகிற சொல். 'ஜாக்கிரதை'யின் வேர்ப்பொருள் விழித்திருத்தல், பாரசீகத்திலிருந்து வந்த 'உஷார்' என்பதும் தெளிவோடு இருப்பதுதான். இரண்டுமே தலைக்குள் நடப்பவை.

அப்புறம், ஒரே தமிழ்ச் சொல்லைத் தேடிப் பிடித்து எல்லா இடத்திலும் ஒட்டவைக்க வேண்டியதில்லை. நம்மிடம் உறுப்புக்கும் பொருளுக்கும் ஏற்ற வழக்குகள் இருக்கின்றன. தூங்கும் குழந்தையைப் பூப்போலத் தூக்குகிறோம், காயத்தைத் தொட்டும் தொடாமலும் துடைக்கிறோம், இருட்டில் அடிமேல் அடி வைத்து நடக்கிறோம். உங்கள் கதாநாயகனுக்கு நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: 'காலை ஊன்றியும் ஊன்றாமலும் கட்டிலை விட்டு இறங்கினான்.' சுளுக்கு என்று முன்பே சொல்லியாயிற்று, பயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டாம்.