களிமண் நினைவிருக்கிறது, சொல் நினைவில்லை

கேள்வி: மூன்றாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன், 32 பிள்ளைகள். மனப்பாடமே வேண்டாம் என்று முடிவு செய்து இந்த வருடம் முழுக்க களிமண், பட அட்டை, காகித வேலை என்று செய்முறையாகவே நடத்தி வருகிறேன். வகுப்பு கலகலப்பாக இருக்கிறது, பிள்ளைகள் என் பாடவேளைக்காகக் காத்திருக்கிறார்கள். ஆனால் போன வாரம் களிமண்ணில் பத்து விலங்குகள் செய்தோமே, அவற்றின் பெயர் சொல்லுங்கள் என்று கேட்டால் களிமண் நினைவிருக்கிறது, சொல் நினைவில்லை. 'ஹி கோ', 'டூ புக்' என்ற பிழைகள் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. நோட்டில் ஒன்றுமே இல்லையே என்று பெற்றோரும் கேட்கிறார்கள். பழையபடி விதிகளை எழுதிப் போட்டு ஒப்பிக்க வைப்பதுதான் சரியா? - ஓர் ஆசிரியை

பதில்: வேண்டாம், தயவுசெய்து திரும்பிப் போகாதீர்கள். உங்கள் பிள்ளைகளின் நினைவு நன்றாகவே வேலை செய்திருக்கிறது. அந்த நாற்பது நிமிடமும் அவர்கள் மனம் எதில் இருந்ததோ அது தங்கியிருக்கிறது. காது ஒட்டவில்லை, வால் உடைந்துவிட்டது, பக்கத்தில் இருப்பவன் என் களிமண்ணை எடுத்துவிட்டான் என்று மனம் முழுக்க அங்கே இருக்கும்போது, நீங்கள் நடுவில் இரண்டு முறை சொன்ன ஆங்கிலச் சொல் எங்கே போய் உட்காரும்?

எனக்கும் இப்படி நடந்திருக்கிறது. வீட்டின் பகுதிகளைக் கற்றுத்தர காகித வீடு செய்ய வைத்தேன், கதவு, ஜன்னல், கூரை எல்லாம் வெட்டி ஒட்டி, வீடுகள் பிரமாதமாக வந்தன. வகுப்பு முடியப் போகும் நேரத்தில் நின்று காது கொடுத்துக் கேட்டேன். அறை முழுக்கக் கேட்ட வாக்கியங்கள் இரண்டுதான்: "கத்தரிக்கோல் குடு", "பசை எங்கடா". ஆங்கிலம் என் வாயில் மட்டும்தான் இருந்தது. அன்றைக்கு மனசு ரொம்பவே கனத்துப் போனது, ஆனால் அன்றிலிருந்து எந்தச் செயல்பாட்டைத் திட்டமிட்டாலும் ஒரே ஒரு கேள்வியை முதலில் கேட்டுக்கொள்கிறேன்: இந்த வேலையைக் குழந்தை வாய் திறக்காமல், காது கொடுக்காமல் செய்து முடித்துவிட முடியுமா? முடியும் என்றால் அது நல்ல கைவினை வகுப்பு, ஆங்கில வகுப்பு கிடையாது. அந்தச் சொல் இல்லாமல் அடுத்த படிக்கு நகரவே முடியாது என்கிற மாதிரி வேலையை மாற்றுங்கள், பொருட்கள் அதே பொருட்களாக இருக்கட்டும்.

எப்படி என்று ஒன்றைக் காட்டுகிறேன். இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே உட்கார வையுங்கள், நடுவில் ஒரு பெரிய புத்தகத்தைத் திறந்து மறைப்பாக நிறுத்துங்கள். இரண்டு பேரிடமும் ஒரு பெட்டி, ஒரு பென்சில், ஒரு ரப்பர், ஒரு பொத்தான். முதல் குழந்தை தன் பொருட்களை இஷ்டப்படி வைத்துக்கொண்டு, "தி பட்டன் இஸ் அண்டர் தி பாக்ஸ்" என்று சொல்ல வேண்டும், எதிரே இருப்பது அதைக் கேட்டு அப்படியே வைக்க வேண்டும். கடைசியில் மறைப்பை எடுத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அந்த மறைப்பை எடுக்கும் நொடியில் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். பொத்தான் இங்கே உள்ளே கிடக்கிறது, அங்கே மேலே கிடக்கிறது என்றால், "நீ 'ஆன்'னு சொன்னே!" "இல்ல, 'இன்'னுதான் சொன்னேன்!" என்று சண்டையே வரும். ஒரு முன்னிடைச்சொல்லுக்காகக் குழந்தைகள் சண்டை போடுகிறார்கள் என்றால் அதைவிட நமக்கு என்ன வேண்டும்?

இந்த இடத்தில் நம் பிள்ளைகளுக்கு ஏன் தடுமாற்றம் வருகிறது என்பதையும் பார்த்துவிடுவோம். 'மேசையில்', 'பெட்டியில்', 'வீட்டில்' எல்லாவற்றுக்கும் தமிழில் ஒரே 'இல்' போதும், அதுவும் சொல்லின் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும். ஆங்கிலத்தில் அது தனிச் சொல்லாகி முன்னால் வந்துவிடுகிறது, போதாததற்கு 'இன்', 'ஆன்', 'அட்' என்று மூன்றாகவும் பிரிகிறது. இதை விதியாகச் சொன்னால் எட்டு வயதுக்கு ஏறாது, பொத்தான் தவறான இடத்தில் விழும்போது தானாகவே புரிந்துவிடும்.

உடலை அசைத்துக் கற்பது என்றால் முதலில் நினைவுக்கு வருவது 1960-களில் ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் முன்வைத்த முறை. ஆசிரியர் கட்டளை சொல்வார், செய்தும் காட்டுவார், பிள்ளைகள் கேட்டுச் செய்வார்கள், பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்த மாட்டார். கூச்சப்படுகிற குழந்தைக்கு இது வரப்பிரசாதம், புதிய வினைச்சொல்லுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள். 'ஸ்டேண்ட் அப், டர்ன் அரவுண்ட்' என்று மாதக்கணக்கில் போனால் காது பழகும், வாய் பழகாது. அதனால் இரண்டாம் வாரமே பொறுப்பை மாற்றுங்கள்: பிள்ளைகள் கட்டளையிடட்டும், நீங்கள் செய்யுங்கள். அவர்கள் சொன்னதை மட்டும், சொன்னபடியே செய்யுங்கள். "புட் புக்" என்றால் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று கேட்பது போல நில்லுங்கள். "புட் தி புக் ஆன் தி சேர்" என்று முழுசாக வரும்வரை அசையாதீர்கள். நீங்கள் திருத்தவே வேண்டாம், உங்களை நகர்த்த வேண்டும் என்ற ஆசையே அவர்களைத் திருத்தும்.

சரி, 'டூ புக்' விஷயத்துக்கு வருவோம். அந்தக் குழந்தை தமிழை வைத்து நியாயமாகத்தான் யோசித்திருக்கிறது. 'ரெண்டு புத்தகம் குடு' என்றுதான் நாமே பேசுகிறோம், இரண்டு என்று சொன்ன பிறகு 'கள்' எதற்கு? ஆகவே 'தப்பு' என்று சிவப்பு மை போடுவதில் பயனில்லை, ஆங்கிலம் எண்ணைச் சொன்ன பிறகும் விடாமல் 'எஸ்' கேட்கிறது என்பதைப் பலமுறை கைப்பட உணர வேண்டும். இதற்கு உங்கள் களிமண்ணையே எடுக்கலாம். 1958-ல் ஜீன் பெர்கோ என்ற ஆய்வாளர், பறவை போன்ற ஓர் இல்லாத பிராணியை வரைந்து, அதற்கு 'வக்' (wug) என்று பெயர் வைத்து ஆங்கிலம் பேசும் குழந்தைகளிடம் காட்டினார். இன்னொன்றும் வந்துவிட்டது, இப்போது இரண்டு... என்று நிறுத்தினால், அந்தச் சொல்லை முன்பின் கேட்டிராத குழந்தைகள் 'வக்ஸ்' என்றார்கள், கடைசியில் வெறும் 'ஸ்' ஆக இல்லாமல் ஆங்கில 'இஸட்' போல அதிரும் ஒலியோடு. யாரும் சொல்லித்தராத விதி அவர்களுக்குள் இருந்தது. இதையே உங்கள் வகுப்பில் விளையாட்டாக்குங்கள். ஒவ்வொரு குழந்தையும் இல்லாத பிராணி ஒன்றைக் களிமண்ணில் செய்து பெயர் வைக்கட்டும், இரண்டே நிமிடம், அழகு முக்கியமில்லை. பிறகு அதே மாதிரி இன்னொன்று செய்து, 'ஐ ஹேவ் டூ...' என்று வகுப்புக்கு அறிமுகப்படுத்தட்டும். ஒருவர் 'டாப்' என்று வைத்திருப்பார், 'டாப்ஸ்' என்று வரும், இன்னொருவர் 'மிஷ்' என்று வைத்திருந்தால் 'மிஷஸ்' என்று நீளும். ஏன் அப்படி நீள்கிறது என்று அவர்களே கேட்பார்கள், அப்போது சொல்லிக்கொள்ளலாம். பெயர் தாங்கள் வைத்தது என்பதால் மறக்கவும் மாட்டார்கள்.

'ஹி கோ' கொஞ்சம் கடினமான பூட்டு. அதற்கு என்னிடம் இருக்கும் சாவி ஒரு துணி கிளிப். 'தி', 'பாய்', 'ரன்' என்று மூன்று அட்டைகள் எழுதி வரிசையாகக் கட்டுங்கள். கிளிப்பில் 'எஸ்' எழுத்தை ஒட்டுங்கள், ஒரே ஒரு கிளிப்தான், இன்னொன்று தரவே கூடாது. ஒரு பையன் ஓடுகிறான் என்றால் கிளிப் 'ரன்' அட்டையில்: 'தி பாய் ரன்ஸ்'. இரண்டு பையன்கள் ஓடினால் அங்கிருந்து கழற்றி 'பாய்' அட்டையில் மாட்ட வேண்டும்: 'தி பாய்ஸ் ரன்'. ஒரு கிளிப் இரண்டு இடத்தில் இருக்க முடியாது, அவ்வளவுதான் விஷயம். கேள்வி கேட்க வேண்டுமா? முன்னால் 'டூ' (do) என்ற அட்டை வருகிறது, 'ரன்' மேல் இருந்த கிளிப் தாவி அதில் போய் உட்கார்ந்துகொள்கிறது: 'டஸ் தி பாய் ரன்?' வகுப்பில் இரண்டு பேரை ஓட விட்டு, ஒருவர் நின்றதும் கிளிப்பை மாற்றச் சொல்லிப் பாருங்கள், வாக்கியத்தையும் கூடவே சத்தமாகச் சொல்ல வேண்டும். 'டஸ் ஹி ரன்ஸ்' என்று பெரியவர்களே பேசுகிற பிழை இந்தக் கிளிப் ஒன்றே ஒன்றுதான் என்பதைக் கையால் பார்த்த குழந்தைக்கு உறுத்தத் தொடங்கும். 'சில்ட்ரன்' போல 'எஸ்' எடுக்காத சொற்களை முதல் சில நாட்களுக்குக் கொண்டுவராதீர்கள், 'ஐ', 'யூ' வந்தால் கிளிப் பெட்டியில் படுத்துக்கொள்ளட்டும். தமிழில் 'ஓடுகிறான், ஓடுகிறாள், ஓடுகிறார்கள்' என்று வினைக்கு ஒரு வால் உண்டு, அதனால் யார் என்பதைப் பொறுத்து வினை மாறும் என்பது நம் பிள்ளைகளுக்குப் புதிதில்லை, ஆங்கிலத்தில் ஒரே ஒரு வால்தான் மிச்சம் என்பதுதான் புதிது.

இதில் ஒரு பொறுமையும் வேண்டும். ரோஜர் பிரவுன் என்ற அமெரிக்க உளவியலாளர் ஆங்கிலம் பேசும் மூன்று குழந்தைகளின் பேச்சைத் தொடர்ந்து பதிவு செய்து 1973-ல் வெளியிட்டபோது, 'இங்' விகுதியும் பன்மை 'எஸ்'ஸும் முதலில் வந்து சேர்வதையும், 'ஹி கோஸ்' போன்ற வினையின் 'எஸ்' அவற்றுக்கு நன்றாகப் பின்னால்தான் வருவதையும் காட்டினார். தாய்மொழிக் குழந்தைக்கே அப்படி. அதனால் கிளிப் விளையாட்டில் சரியாகச் சொல்லிவிட்டு வராந்தாவில் 'ஹி கோ' என்றே பேசினால் சோர்ந்து போகாதீர்கள். "ஓ, ஹி கோஸ் ஹோம்?" என்று சரியான வடிவத்தை உங்கள் வாயால் திருப்பிச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள், நிறுத்திப் பாடம் எடுக்காதீர்கள்.

இப்போது அந்தப் பத்து விலங்குகள். இங்கே நம் பாடப்புத்தக வழக்கமே நமக்கு எதிராக இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரே வகைச் சொற்களை ஒரே நாளில் புதிதாகக் கொடுத்தால் ஒன்றோடொன்று குழம்பிக் கற்பது தாமதமாகிறது என்று 1990-களில் டிங்கம், வேரிங் என்ற இருவரின் சோதனைகள் தனித்தனியாகக் காட்டின. 'லெஃப்ட்', 'ரைட்' இரண்டையும் ஒரே நாளில் கற்றவர்கள் எத்தனை பேர் இன்னமும் ஒரு நொடி யோசிக்கிறார்கள் என்று பாருங்கள். அதனால் வகையாகக் கொடுக்காமல் காட்சியாகக் கொடுங்கள்: தவளை, குளம், குதி, ஈரமான, கல். இந்த ஐந்தும் ஒரு சின்னக் கதைக்குள் வந்துவிடுகின்றன, ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு நினைவுக்கு வரும், ஒன்றின் இடத்தில் இன்னொன்று வராது. தரையில் நீலத் துணியைக் குளமாக விரித்து, கல்லிலிருந்து கல்லுக்குத் தவளையாகக் குதிக்கும் முன் 'தி ஃப்ராக் ஜம்ப்ஸ்' என்று சொன்னால்தான் குதிக்கலாம் என்று வைத்துவிடுங்கள். ஒரு நாளைக்கு ஐந்தாறு சொல் போதும், நிறைய முடித்தோம் என்ற திருப்தி நமக்கு மட்டும்தான்.

ஆனால் எவ்வளவு நன்றாகக் குதித்தாலும் ஒரு வாரம் தொடாமல் விட்டால் போய்விடும். 1885-ல் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் தன் நினைவாற்றலையே சோதித்து எழுதிய நூலில், கற்றதில் பெரும்பகுதி முதல் ஒன்றிரண்டு நாட்களுக்குள்ளேயே நழுவிவிடுவதைக் காட்டியிருந்தார். நீங்கள் ஒரு வாரம் கழித்துத்தானே கேட்டீர்கள்! மூடி போட்ட ஒரு டப்பா வையுங்கள், அன்றன்று கற்ற சொல்லுக்கான பொருளோ படமோ அதில் போய்ச் சேரட்டும். மறுநாள், மூன்று நாள் கழித்து, அடுத்த வாரம் என்று வகுப்பு தொடங்கும்போது ஐந்து நிமிடம் ஒரு குழந்தை கையை விட்டு ஒன்றை எடுக்கட்டும், மற்றவர்கள் பெயரைச் சொல்லட்டும். முக்கியமாக, நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். பிள்ளை மேலே பார்த்து யோசிக்கிற அந்த ஐந்து நொடி மௌனத்தில்தான் சொல் ஊன்றுகிறது.

அப்புறம் ஒரு சின்ன விஷயம், 32 பேர் இருக்கும் வகுப்பு என்பதால். பொருட்களைக் கையில் கொடுத்த பிறகு விளக்கம் சொல்லாதீர்கள், யாரும் கேட்க மாட்டார்கள். முதலில் சொல்லி, இரண்டு பேரை வைத்துச் செய்தும் காட்டிவிட்டுக் கடைசியில் கொடுங்கள். எல்லோருக்கும் தனித்தனிப் பொருள் வேண்டாம், இரண்டு பேருக்கு ஒன்று இருந்தால்தான் பேச வேண்டி வரும்.

பெற்றோர் கேட்பதில் கோபப்பட ஒன்றுமில்லை, அவர்களுக்குப் பார்க்கக் கிடைப்பது நோட்டு மட்டும்தான். பாடவேளையின் கடைசி ஏழு நிமிடத்தை எழுத்துக்குக் கொடுங்கள்: இன்றைக்குத் தன் வாயால் சொன்ன மூன்று வாக்கியங்களைக் குழந்தை எழுதி, பக்கத்தில் ஒரு கிறுக்கல் படம் போடட்டும். கரும்பலகையைப் பார்த்து எழுதியதாக இருக்க வேண்டாம், எழுத்துப்பிழை இருந்தாலும் பரவாயில்லை. வாரம் ஒரு நாள் அந்தப் பக்கத்தை வீட்டில் நடித்துக் காட்டச் சொல்லி அனுப்புங்கள். பொத்தானையும் பெட்டியையும் அப்பா கையில் கொடுத்து, "புட் தி பட்டன் அண்டர் தி பாக்ஸ்" என்று மகள் கட்டளையிட்டு, அவர் உள்ளே வைத்ததும் "நோ, அண்டர்!" என்று திருத்தும்போது, நோட்டில் என்ன இருக்கிறது என்ற கேள்வியை அவர் வேறு மாதிரிதான் கேட்பார்.

முதலில் கிளிப்பிலிருந்து தொடங்குங்கள், அதற்கு மூன்று அட்டையும் ஒரு கிளிப்பும் போதும். மூன்று வாரம் செய்து பார்த்துவிட்டு, எந்த இடத்தில் பிள்ளைகள் இடறினார்கள் என்று எழுதுங்கள், அங்கிருந்து மேலே பேசலாம்.