மேமோகிராம் இலவசம் என்றார்களே, பில் ஏன் வந்தது?

அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையின் பில்லிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். மார்பகப் புற்றுநோயைக் கண்டறிய எடுக்கும் எக்ஸ்ரேயான மேமோகிராம், இன்சூரன்ஸ் பற்றி இங்குள்ள நம் பெண்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

எனக்கு 42 வயது. மேமோகிராமுக்குக் காசு இல்லை என்றார்கள். இப்போது பில் வந்திருக்கிறதே அக்கா?

பில்லில் ஐந்து இலக்க எண் ஒன்று இருக்கும், அதைப் பாருங்கள். 77067 என்றால் ஸ்கிரீனிங், அதாவது தொந்தரவு எதுவும் இல்லாதவருக்கு எடுப்பது. 77065 அல்லது 77066 என்றால் டயக்னாஸ்டிக், ஏதோ ஒன்றைச் சந்தேகித்து எடுப்பது. மெஷின் ஒன்றுதான், கணக்குதான் வேறு. 40 வயதிலிருந்து ஸ்கிரீனிங்கை வருடம் ஒருமுறை எடுத்தாலும், நெட்வொர்க்குக்குள், அதாவது உங்கள் இன்சூரன்ஸோடு ஒப்பந்தம் உள்ள இடமாக இருந்தால் பெரும்பாலான இன்சூரன்ஸ்கள் முழுத் தொகையையும் கொடுத்தாக வேண்டும். ஒபாமாகேர் என்னும் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் அப்படி. டயக்னாஸ்டிக் என்றால் பல நேரம் டிடக்டிபிளில், அதாவது இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் நீங்கள் கட்ட வேண்டிய தொகையில், போய்விடும்.

உங்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமலே 77066 போட்டிருந்தால், மருத்துவமனைக்கு போன் செய்து கோடிங்கை, அதாவது அந்த எண்ணைச் சரியாகப் போட்டார்களா என்று, மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் மறுத்தால், மறுப்புக் கடிதம் கிடைத்த 180 நாளுக்குள் அப்பீல் செய்யலாம்.

அப்படியானால் கட்டி இருப்பதைச் சொல்லாமல் விட்டால் இலவசமாக முடிந்துவிடும் அல்லவா?

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது. ஸ்கிரீனிங்கில் வழக்கமாக ஒவ்வொரு மார்பகத்துக்கும் இரண்டு படம், அவ்வளவுதான். டாக்டர் அதைப் பிறகுதான் பார்ப்பார். கட்டி இருக்கிறது என்று சொன்னால் அந்த இடத்தில் தோலின்மேல் சிறு அடையாளம் ஒட்டி, அங்கே மட்டும் அழுத்திக் கூடுதல் படம் எடுப்பார்கள், அல்ட்ராசவுண்டும் பார்ப்பார்கள். மேமோகிராமில் தெரியாத புற்றுநோயும் உண்டு. சொல்லாமல் விட்டு 'நார்மல்' என்று ரிப்போர்ட் வந்தால், அதை நம்பி ஒரு வருடம் சும்மா இருந்துவிடுவீர்கள். பில்லைத் தவணையில் கட்டலாம். லாப நோக்கமில்லாத மருத்துவமனைகளில் நிதியுதவித் திட்டம் இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம், கேட்டு வாங்குங்கள்.

திரும்ப வரச் சொல்லி போன் வந்தது. ரிப்போர்ட்டில் பைராட்ஸ் 0. பயமாக இருக்கிறது.

பைராட்ஸ் என்பது மேமோகிராம் முடிவை டாக்டர் எண்ணால் குறிக்கும் முறை. 0 என்றால் 'படம் போதவில்லை, இன்னும் பார்க்க வேண்டும்' என்றுதான் பொருள். 100 பேரில் சுமார் 10 பேருக்கு இப்படி அழைப்பு வரும், அவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோய் இருக்காது. ஆனால் போகாமல் இருக்காதீர்கள்.

செலவு விஷயத்தில் நல்ல செய்தி உண்டு. 2026-ல் தொடங்கும் பிளான் ஆண்டிலிருந்து, ஸ்கிரீனிங்கை முழுமையாக்கத் தேவைப்படும் கூடுதல் மேமோகிராம், அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ., பயாப்சி திசுப் பரிசோதனை ஆகியவற்றுக்கும் உங்களிடம் காசு வாங்கக் கூடாது. குறுகிய காலப் பிளான்களுக்கும் ஒபாமாகேர் சட்டத்துக்கு முன்பிருந்தே மாறாமல் வரும் பழைய பிளான்களுக்கும் இது பொருந்தாது. ஆகவே இன்சூரன்ஸுக்கு போன் செய்து, 'என் பிளான் ஆண்டு எந்த மாதம் தொடங்குகிறது?' என்று முதலில் கேளுங்கள்.

அம்மா ஊரிலிருந்து ஆறு மாதம் வருகிறார். இங்கே எடுக்கலாமா?

விசிட்டர் இன்சூரன்ஸ் பொதுவாகத் திடீர் நோய்க்கும் விபத்துக்கும்தான், ஸ்கிரீனிங்குக்குக் கொடுக்காது. கிளம்புவதற்கு முன் ஊரிலேயே எடுத்துவிடுங்கள், பழைய படங்கள் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கக் கொண்டு போகச் சொல்லுங்கள். இங்கே வந்தபின் கட்டி தென்பட்டால் ஊருக்குத் திரும்பும் வரை காத்திருக்க வேண்டாம். கைக்காசில் பார்ப்பவர்களுக்கு உத்தேசச் செலவை முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும் என்பது 2022 முதல் சட்டம்.

மாமியாருக்கு 67 வயது, மெடிகேர் இருக்கிறது.

மெடிகேர் என்பது முக்கியமாக 65 வயதானவர்களுக்கான அரசு இன்சூரன்ஸ். அதில் டாக்டர், பரிசோதனைச் செலவுகளுக்கான பார்ட் பி இருந்தால் ஆண்டுக்கு ஒரு ஸ்கிரீனிங் இலவசம். டயக்னாஸ்டிக் என்றால் டிடக்டிபிள் போக 20 சதவீதம் அவர் கட்ட வேண்டும்.

எனக்கு இன்சூரன்ஸே இல்லை, வருமானமும் குறைவு.

மார்பக, கருப்பைவாய்ப் புற்றுநோய்களை முன்கூட்டியே கண்டறிய சி.டி.சி. என்னும் அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு அமைப்பு நடத்தும் தேசியத் திட்டம் ஒன்று இருக்கிறது. வருமான வரம்புக்குள் இருந்தால் இலவசமாகவோ குறைந்த செலவிலோ மேமோகிராம் எடுக்கலாம். உங்கள் மாநில சுகாதாரத் துறைக்கு போன் செய்தால் அருகில் எங்கே எடுக்கிறார்கள் என்று சொல்வார்கள். அப்புறம், பரிசோதனை நாளில் அக்குளில் டியோடரண்ட், பவுடர் எதுவும் போடாதீர்கள். அது படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழுந்து குழப்பும்.